கையில் 46 லட்சம்: பதினோராவது லாரியா, பழைய கடனா, டெபாசிட்டா?

"மாப்ள, பேங்க்ல 46 லட்சம் நிக்குது. இன்னும் என்ன யோசனை? வண்டிய புக் பண்ணிடலாம்" என்றார் மாமா.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஆபீஸ். சொந்த வண்டி 10. ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் லோடு ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கும் பெங்களூருக்கும் ஓட்டுகிறோம். திரும்பும்போது கெமிக்கல், இறக்குமதித் தோல் என்று கிடைப்பதை ஏற்றி வருவோம். சொந்த வண்டி போதாத நாளில் மார்க்கெட் வண்டி, அதாவது மற்றவர்களின் வண்டியை வாடகைக்குப் பிடித்து அனுப்புவோம். முன்பு லாரி சர்வீஸ் என்றிருந்த போர்டில் இப்போது லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதியிருக்கிறது. வேலை அதேதான். கணக்கு எழுதுவது நான்.

மாமா கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை விலை 40 லட்சம் உள்ள வண்டிக்கு வரியில் மட்டும் 4 லட்சம் மிச்சம். எங்களைப் போல 5 சதவீத முறையில் வாடகை பில் போடுகிறவர்கள் வண்டி வாங்கக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அந்த 4 லட்சம் நேராகக் கைக்கு வரும் லாபம். லோடும் இருக்கிறது. பிறகு ஏன் தயக்கம் என்று அவர் கேட்பது சரியான கேள்விதான்.

அதற்குப் பதில் சொல்ல நான் இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. நம் வட்டாரத்தில் ஐந்து வண்டி, பத்து வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். எண்கள் மாறும், வழி மாறாது என்பதால் எங்கள் கணக்கை அப்படியே வைக்கிறேன்.

முதலில் அந்த 46 லட்சம் யாருடையது என்று பார்த்தேன். நடப்புக் கணக்கிலும் டீசல் கார்டிலும் பாஸ்டேக்கிலும் சேர்த்து 26 லட்சம். பிக்சட் டெபாசிட் 20 லட்சம். டெபாசிட்டில் 5 லட்சம் ஒரு பெரிய தொழிற்சாலை ஒப்பந்தத்துக்காகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்துக்கு அடமானம். ஒப்பந்தம் முடியும்வரை அதைத் தொட முடியாது. நடப்புக் கணக்கில் 7 லட்சம் மார்க்கெட் வண்டிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய மீதி வாடகை. அவர்கள் அட்வான்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு லோடு இறக்கிவிட்டு, எல்.ஆர். (லாரி ரசீது) கையெழுத்துக் காப்பியோடு வந்து நிற்பவர்கள். அந்தப் பணத்தை நம் பணம் என்று எண்ணுவது தப்பு. மார்ச் 15க்குள் கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் 3 லட்சம். எல்லாம் போக எங்களுக்கென்று நிற்பது 31 லட்சம்.

இனி செலவு. மாதத்துக்கு டீசல் 17 லட்சம், டிரைவர் சம்பளமும் பேட்டாவும் 5 லட்சம், டோல் மூன்றரை லட்சம், வண்டிக் கடன் டியூ 3 லட்சத்து 30 ஆயிரம், டயரும் பராமரிப்பும் 2 லட்சத்து 70 ஆயிரம், இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் மாதக் கணக்கில் ஒன்றரை லட்சம், ஆபீஸ் செலவும் ஓ.டி. (வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) வட்டியும் ஒன்றரை லட்சம். ஆக 34 லட்சத்து 50 ஆயிரம். நாளைக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். 31 லட்சத்தை இதனால் வகுத்தால் 27 நாள். அதாவது நாளை காலை முதல் லோடு தரும் பார்ட்டிகளில் ஒருவரும் ஒரு பைசா தராவிட்டாலும், கடனுக்குக் கை நீட்டாமல் 27 நாள் வண்டி ஓட்டலாம். வெறுமனே 46 லட்சத்தை வகுத்தால் 40 நாள் என்று வரும். அந்த 13 நாள் வித்தியாசத்தில்தான் பல டிரான்ஸ்போர்ட்கள் கவிழ்கின்றன.

எங்கள் தொழிலின் உடல்நலத்தைப் பார்க்க இந்த நாள் கணக்கைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. லாபம் மாதம் மூன்றரை லட்சம் என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. ஆனால் லாபம் என்பது பில் போட்ட அன்றே பிறந்துவிடும். பணம் வருவது 75 நாள் கழித்து. டீசல் பங்க்கில் அந்த லாபத்தைக் காட்டி ஒரு லிட்டர் வாங்க முடியாது.

நாள் கணக்கை நான் இவ்வளவு பிடித்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 25 ஊரடங்கின்போது எங்களிடம் 6 வண்டி. கையிருப்பு 12 நாளுக்கு இருந்தது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் இருந்த பணத்தையெல்லாம் போட்டு ஆறாவது வண்டி எடுத்திருந்தோம். தோல் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன. டிரைவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கவாவது பணம் போடவேண்டும் என்று மாமா நின்றார். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை டியூ தள்ளிவைக்க அனுமதித்தது உண்மை. அந்த மாதங்களுக்கான வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் கடைசியில் அத்தையின் நகை அடகுக்குப் போனது. திரும்ப வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஆறாவது வண்டியில் தப்பில்லை, அது இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை எடுத்தபோது எத்தனை நாள் மூச்சு மிச்சம் வைக்கிறோம் என்று யாரும் கேட்காததுதான் தப்பு.

சரி, இப்போது பதினோராவது வண்டி. ஷோரூமில் சொல்வது முன்பணம் 12 லட்சம், கடன் 35 லட்சம், வட்டி 10 சதவீதம், 60 மாதம். டியூ 74,365 ரூபாய். 12 லட்சம்தானே, 31 லட்சத்தில் எடுத்தால் 19 மிச்சம் என்பது மாமாவின் கணக்கு.

ஆனால் ஒரு வண்டி ரோட்டில் இறங்கியதும் அது சம்பாதித்த முதல் வாடகை கைக்கு வர 75 நாள். அதுவரை அதற்கு டீசலும் பேட்டாவும் டோலும் நாம்தான் போட வேண்டும். எங்கள் சராசரிப்படி ஒரு வண்டிக்கு மாதம் 2 லட்சத்து 55 ஆயிரம், இரண்டரை மாதத்துக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. டியூ இரண்டரை மாதத்துக்கு ஒரு லட்சத்து 90 ஆயிரம். ஆக வண்டியின் உண்மையான முன்பணம் 12 அல்ல, 20 லட்சத்து 30 ஆயிரம். 31இல் அது போனால் மிச்சம் 10 லட்சத்து 70 ஆயிரம். ஒன்பது நாள். 2020இல் இருந்ததைவிட மூன்று நாள் குறைவு. இதை எழுதிக் காட்டியபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதோடு முடியவில்லை. பத்து வண்டிக்கும் பதினோரு வண்டிக்கும் நடுவே வருமான வரிச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வருடத்தில் எந்த நேரத்திலும் சொந்த வண்டி பத்துக்கு மேல் இல்லாத டிரான்ஸ்போர்ட்காரர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், பார்ட்டி வாடகையில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. பதினோராவது வண்டி பெயரில் ஏறிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கடனில் எடுத்த வண்டியும் சொந்த வண்டியாகவே எண்ணப்படும். எங்களுடையது கூட்டு நிறுவனம் என்பதால் 2 சதவீதம் பிடிப்பார்கள். தனிநபர் என்றால் 1 சதவீதம். மாத வாடகை 38 லட்சத்தில் 2 சதவீதம் 76,000 ரூபாய். புது வண்டியின் டியூவைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தப் பணம் தொலைந்துபோவதில்லை. கட்ட வேண்டிய வரியில் கழிந்து, மிச்சம் ரீபண்டாக வரும். அட்வான்ஸ் டாக்ஸும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் ரீபண்ட் வரும்வரை அது நம் கையில் இல்லை. ஒரு வண்டி வாங்கப் போய் மாதத்துக்கு இரண்டு டியூ கட்டுவது போல ஆகும். பத்தில் இருப்பவர்கள் அடுத்த வண்டி எடுத்தால் ஒன்றோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று சேர்த்து எடுக்கும் பலம் வரும்வரை பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

லோடு அதிகமாக வந்தால் என்ன செய்வது? மார்க்கெட் வண்டிதான். கமிஷன் கொஞ்சம்தான், சொந்த வண்டி அளவுக்கு நிற்காது. ஆனால் லோடு குறைந்த மாதம் அந்த வண்டிக்கு நாம் டியூ கட்டுவதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, எங்கள் ஏற்றுமதிப் பார்ட்டிகளில் இரண்டு பேர் ஷூ லோடுகளை நிறுத்திவைத்தார்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது, மார்க்கெட் வண்டியைக் குறைத்துக்கொண்டு சொந்த வண்டிகளை ஓட வைக்க முடிந்ததுதான். பாலாற்றங்கரைத் தொழிலை நம்பி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதும் இல்லை. தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது மாமா டிரைவராக இருந்தார். லோடு இல்லாமல் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நாட்களை இன்றும் சொல்வார். ஒரே வகைச் சரக்கை நம்பும் ஊரில் கையிருப்பு நாள் கூடுதலாகத்தான் வேண்டும்.

அடுத்த வழி கடனை அடைப்பது. "கடனில்லாம இருந்தா நிம்மதி" என்பது அத்தையின் பேச்சு. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் எந்தக் கடனை அடைப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. இதை நான் முதலில் தப்பாகவே நினைத்திருந்தேன். டெபாசிட் வட்டி ஆறரை, கடன் வட்டி 10, ஆகவே கடனை அடைத்தால் மூன்றரை சதவீதம் லாபம் என்று. அது அவ்வளவு நேரானதாக இல்லை.

எங்களிடம் புது வண்டியாக எடுத்த நான்கு லாரிகளின் கடன் ஓடுகிறது. ஒவ்வொன்றும் 35 லட்சம், 10 சதவீதம். மூன்று வருடம் கட்டியாயிற்று, இன்னும் 24 டியூ. ஒரு வண்டிக்கு அசல் பாக்கி 16 லட்சத்து 11 ஆயிரம். முன்கூட்டி முடித்தால் 4 சதவீதம் அபராதம், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், சேர்ந்து 76 ஆயிரம். ஆகக் கட்ட வேண்டியது 16 லட்சத்து 87 ஆயிரம். இப்போது இன்னொரு வழி பாருங்கள். 16 லட்சத்து 69 ஆயிரத்தை ஆறரை சதவீதத்தில் போட்டு வைத்து, மாதாமாதம் அதிலிருந்தே டியூவை எடுத்துக் கட்டினால், 24 டியூவும் கட்டி முடிந்து கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும். அதாவது கடனை முடிப்பதைவிடக் கட்டிக்கொண்டே போவது 18 ஆயிரம் மலிவு. முதல் மூன்று வருடத்தில் வட்டியின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டோம். மிச்சமிருக்கும் கொஞ்ச வட்டியை மிச்சப்படுத்த அபராதம் கட்டுவது வீண். வட்டிக்கு வரிச் சலுகையும் டெபாசிட் வட்டிக்கு வரியும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்வதால் முடிவு மாறாது.

ஐந்தாவது கடன் வேறு கதை. இரண்டு கை மாறிய பழைய வண்டி. ஒரு பைனான்ஸில் 12 லட்சம், 15 சதவீதம், 48 மாதம். ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. டியூ 33,397. அசல் பாக்கி 9 லட்சத்து 63 ஆயிரம், அபராதம் 5 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 57 ஆயிரம், முடிக்க 10 லட்சத்து 20 ஆயிரம். இதே 36 டியூவை டெபாசிட்டிலிருந்து கட்டுவதென்றால் 10 லட்சத்து 90 ஆயிரம் வேண்டும். இங்கே அபராதம் கட்டிய பிறகும் 70 ஆயிரம் மிச்சம். கூடவே மாதம் 33 ஆயிரம் செலவு குறைகிறது, வண்டி நம் பெயருக்கு முழுதாக வருகிறது. அடைக்க வேண்டிய கடன் இதுதான்.

இங்கே ஒரு விஷயம். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்குக் குறு, சிறு நிறுவனங்களிடம் வங்கிகள் முன்கூட்டி முடிக்கும் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு "அபராதமே இல்லையாமே" என்று பலர் கேட்கிறார்கள். லாரிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பது. எங்கள் ஐந்தும் அப்படித்தான், அதிலும் எல்லாம் பழைய கடன். கடன் பத்திரத்தை எடுத்து எந்த வகை வட்டி, எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டெபாசிட் பற்றி எனக்கும் மாமாவுக்கும் சண்டையே வந்தது. ஆறரை சதவீதத்தில் 15 லட்சம் டெபாசிட் கிடக்கிறது. அதே வங்கியில் ஓ.டி. வரம்பு 25 லட்சம், அதில் 14 லட்சம் எடுத்திருக்கிறோம், வட்டி பத்தரை. நம் பணத்தை ஆறரைக்குக் கொடுத்து, அதையே பத்தரைக்கு வாங்குகிறோம். பத்து லட்சத்தை உடைத்து ஓ.டி.யில் போட்டால் வருடம் 40 ஆயிரம் மிச்சம். முதிர்வுக்கு முன்னால் உடைப்பதற்குப் பிடிக்கும் சிறு தொகை போனாலும் லாபம்தான். ஓ.டி.யில் போட்ட பணம் எங்கும் போய்விடுவதில்லை, வேண்டும் என்றால் அன்றே எடுக்கலாம்.

"அப்புறம் பேங்க்காரன் லிமிட்டைக் குறைச்சுட்டா?" என்றார் மாமா. அதில் உண்மை உண்டு. ஓ.டி. வரம்பை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொழில் மந்தமான வருடத்தில்தான் வங்கி கையை இறுக்கும், நமக்கும் அப்போதுதான் பணம் வேண்டியிருக்கும். அதனால் முழுவதையும் போடவில்லை. 10 லட்சம் ஓ.டி.க்கு, 5 லட்சம் டெபாசிட்டிலேயே. ஓ.டி.யில் எடுக்காமல் விட்டிருக்கும் 11 லட்சத்தை முன்பு நான் கையிருப்பு நாளில் சேர்க்காததற்கும் இதே காரணம்தான். அது வங்கியின் பணம். அதைச் சேர்த்தால்தான் வண்டி வாங்க முடியும் என்றால், வாங்க முடியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

லிக்விட் பண்ட் என்று மியூச்சுவல் பண்ட் வகை ஒன்று இருக்கிறது. விற்றால் பொதுவாக மறுநாள் வங்கிக்கு வந்துவிடும், ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு பிடித்தம். ஓ.டி. கடன் இல்லாத நிறுவனத்துக்கு நல்ல இடம். எங்களுக்கு ஓ.டி. இருக்கும்வரை தேவையில்லை.

கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் அதிகம் தருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அதற்கு மேல் போடுகிறவர்கள் அந்த வங்கியின் நிலையைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். மாதம் லட்சத்துக்கு ஆயிரக்கணக்கில் வட்டி என்ற பேச்சை வேலூர், காட்பாடிப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஆசை காட்டிய நிதி நிறுவனத்தில் பணம் போட்டு 2022இல் எத்தனை குடும்பங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டன என்று ஊருக்கே தெரியும். எங்கள் டிரைவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை அப்படி இழந்தார்.

பொய்கை பக்கம் 20 சென்ட் வாங்கிப் போட்டால் வண்டி நிறுத்தவும் ஆகும், விலையும் ஏறும் என்று மாமாவுக்கு ஓர் ஆசை. நிலம் நல்லதுதான். ஆனால் பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை மாட்டை ஓட்டிப்போய் அன்றே விற்றுவிட்டு வரலாம், நிலத்தை அப்படி விற்க முடியாது. டிரான்ஸ்போர்ட்டின் பணத்தில் நிலம் வேண்டாம். லாபத்தைப் பங்கு பிரித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிறகு அவரவர் விருப்பம்.

இவ்வளவையும் ஒப்பிட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் 46 லட்சத்தைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பார்ட்டிகளிடம் நிற்கும் பாக்கி 95 லட்சம். எங்களுடைய மிகப் பெரிய கையிருப்பு எங்கள் கையில் இல்லை. அதற்கு வட்டியும் வருவதில்லை. ஒரு நாள் வாடகை சராசரியாக ஒரு லட்சத்து 27 ஆயிரம். 75 நாள் பாக்கியை 67 ஆக்கினால், எட்டு நாளில் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் உள்ளே வரும். பழைய வண்டிக் கடனை முடிக்கத் தேவையான பணம் ஏறக்குறைய அதேதான். 60 நாளாக்கினால் 19 லட்சம். புது வண்டியின் உண்மையான முன்பணத்தில் பெரும்பங்கு.

பாக்கி ஏன் 75 நாள் ஆகிறது என்று பழைய பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பார்ட்டி இழுத்தடிப்பது பாதிதான். மீதி எங்கள் குற்றம். லோடு இறங்கிய இடத்தில் கையெழுத்தான எல்.ஆர். காப்பி டிரைவரிடமே இரண்டு டிரிப் சுற்றிவிட்டு ஆபீஸுக்கு வர சராசரி ஒன்பது நாள். அதன் பிறகு பில் போட நாலைந்து நாள். காப்பி கசங்கியோ ஈரமாகியோ வந்தால் பார்ட்டியின் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். அவர்கள் நாளை எண்ணத் தொடங்குவது சரியான பில் கைக்கு வந்த நாளிலிருந்து. நாங்கள் இரண்டு வாரத்தை முன்னமே தொலைத்துவிடுகிறோம்.

இப்போது இறக்கிய இடத்திலேயே டிரைவர் காப்பியைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அன்றே பில் போகும், ஒரிஜினல் அடுத்த டிரிப்பில் வாலாஜா டோலுக்கு முன்னால் நிற்கும் எங்கள் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒழுங்காக அனுப்பும் டிரைவருக்கு டிரிப்புக்கு 100 ரூபாய் கூடுதல். இதைவிட மலிவான கடன் எங்கும் கிடைக்காது.

பார்ட்டி பக்கம் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, உதயம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு. இலவசம். குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிந்து, பதிவு எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்கு மாதக் கூட்டு வட்டியும் உண்டு. அதைவிட வலுவானது, இந்த நாளுக்குள் தராத செலவை, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் பார்ட்டி தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதாவது 2023-24 வருமானக் கணக்கிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் மார்ச் மாதம் ஆம்பூரிலிருந்து தாமாகவே போன் வருகிறது, "உங்க பாக்கி எவ்வளவு?" என்று. மற்ற பதினோரு மாதமும் நாம்தான் பணிவாக நினைவுபடுத்த வேண்டும். இருபது வருடப் பழக்கமுள்ள பார்ட்டியிடம் சட்டத்தைக் காட்டி வட்டி கேட்டால் அடுத்த லோடு வேறு டிரான்ஸ்போர்ட்டுக்குப் போய்விடும். பதிவு எண் பில்லில் இருந்தாலே அவர்கள் ஆடிட்டர் பேச வேண்டியதைப் பேசிவிடுவார்.

இன்னொன்று ட்ரெட்ஸ், பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம். வருட விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் இதில் சேர்ந்தாக வேண்டும். நம் பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் அதன்மேல் ஏலம் கேட்கும். குறைந்த வட்டி சொன்னவர் வட்டியைக் கழித்துக்கொண்டு பணத்தை நமக்கு அனுப்பிவிடுவார். பிறகு பார்ட்டி கட்டாவிட்டால் வங்கி நம்மிடம் வராது. வட்டியும் பார்ட்டியின் தகுதியைப் பார்த்துத்தான். 5 லட்சம் பில்லை 60 நாள் முன்னதாக 8 சதவீதத்தில் வாங்கினால் செலவு 6,575 ரூபாய். அதே 60 நாளுக்கு ஓ.டி.யில் எடுத்தால் 8,630. பேரணாம்பட்டுச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு இது உதவாது, சிப்காட்டின் பெரிய கம்பெனிகளுக்கு உதவும். எங்கள் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்ட பார்ட்டிகள்தான்.

எவ்வளவு கையிருப்பு போதும் என்பதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவு இது: எங்கள் பெரிய பார்ட்டி மாத வாடகையில் 30 சதவீதம், அதாவது 11 லட்சத்து 40 ஆயிரம். அவர் இரண்டு மாதம் கை விரித்தாலும் ஓட வேண்டும். 23 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 31இல் 23 போனால் 8 லட்சம்தான் தாராளமாகத் தொடக்கூடியது. வண்டிக்குப் போதாது. பழைய கடனுக்கும் இரண்டு லட்சத்துச் சொச்சம் குறைகிறது.

அதனால் முடிவு இப்படி: பதினோராவது வண்டி இப்போது இல்லை. பத்து லட்சம் டெபாசிட்டை உடைத்து ஓ.டி.யில் போட்டாயிற்று. அதைக் கடனை அடைத்த பணமாக எண்ணாமல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதாகத் தனியாக எழுதி வைக்கிறோம். நான்கு புது வண்டிக் கடன்களும் அதன்போக்கில் ஓடட்டும். 15 சதவீதக் கடனை, பாக்கி குறைந்து வரும் பணத்தில் முடிப்பது. டெபாசிட்டிலிருந்தோ நடப்புக் கணக்கிலிருந்தோ அதற்கு எடுப்பதில்லை.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். பாக்கி 60 நாளுக்கு இறங்கி, கையிருப்பு 40 நாளைத் தொட்டால் வண்டி பற்றி மறுபடி பேச வேண்டும், அப்போது நான் தடை சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு எடுத்தால் இரண்டாக எடுப்போம் என்றும் சொன்னேன்.

போட்டோ அனுப்பும் முறை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. 75 நாள் 69 ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் குறைய வேண்டும். பைனான்ஸ் ஆபீஸில் கடன் முடிப்புத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பணம் கட்டியதும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35ஐயும் கையோடு வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யிலிருந்து பைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். முன்பு ஒரு வண்டிக்கு இதைத் தள்ளிப்போட்டு, விற்கும் நேரத்தில் நாலு மாதம் அலைந்தோம். இந்த முறை மாமாவே நேரில் போவதாகச் சொல்லியிருக்கிறார்.